மொட்டைமாடி ஆன்டெனாவில் சன் டிவி வராது: திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் கவனிக்கவும்

கேபிளை நிறுத்திவிட்டு ஆன்டெனா வைக்கலாம் என்று யோசிப்பவர்கள், முக்கியமாக ஊரில் வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். திருமங்கலத்தில் எங்கள் அப்பாவிடம் முதலில் 4,800 ரூபாய், அப்புறம் இன்னொரு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாடியில் ஒரு அலுமினியக் கம்பியை நட்டுவிட்டு ஒரு ஆள் காணாமல் போய்விட்டான். அதே ஆள் இப்போது உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி.

கேபிளை நிறுத்தியது அப்பாவின் முடிவு. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. வாடகை ஏறிக்கொண்டே போனது. லைனில் கோளாறு என்று போன் போட்டால் "இந்தா வர்றேன்" என்பார்கள், அன்று முழுக்க யாரும் வரமாட்டார்கள். அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்கு ராத்திரி சீரியல், இதற்கு எதற்கு இத்தனை சேனல் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, வண்டியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒருவன் தெருவுக்குள் வந்திருக்கிறான். மாத வாடகை இல்லை, ரீசார்ஜ் இல்லை, ஒரு தடவை மாட்டினால் ஆயுசுக்கும் டிவி.

அவன் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுக்க அதில்தான் இருக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து ஒரு ஜி.ஐ. பைப்பைக் கட்டி, அதன் மேலே பழைய காலத்து மீன்முள் ஆன்டெனா. அதிலிருந்து கறுப்பு ஒயர், நடுவில் ஒரு பூஸ்டர், கீழே டிவிக்குப் பக்கத்தில் 'டிஜிட்டல் ரிசீவர்' என்று ஒரு சின்னப் பெட்டி. ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே "தெரியுதா ஐயா, தெரியுதா?" என்று மேலேயிருந்து கத்தியிருக்கிறான். பிறகு கீழே இறங்கி வந்து ரிமோட்டை அமுக்கினால் சன் டிவி, விஜய், ஜீ தமிழ், கே டிவி எல்லாம் பளிச்சென்று ஓடியிருக்கின்றன. அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வண்டி தெருமுனை தாண்டியதும் படம் நின்றுவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. போன் போட்டால், "டவர்ல சிக்னல் செட்டாக ராத்திரி ஆகும் ஐயா, பெட்டிய ஆஃப் பண்ணாம வைங்க." மறுநாள் கேட்டால், பூஸ்டர் பத்தவில்லை, டபுள் பூஸ்டர் போடணும். அதற்குத்தான் அந்த 900. அவன் வந்து மாட்டியபோது மறுபடி எல்லாச் சேனலும் வந்தது, போனதும் நின்றது. அதற்கப்புறம் அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

நான் ஊருக்குப் போனபோது அப்பா பூஸ்டர் அடாப்டரில் எரியும் சிவப்பு லைட்டைக் காட்டி, "கரண்டெல்லாம் வருதுத்தா, சிக்னல்தான் இல்ல" என்றார். அடாப்டரைச் சுவரில் சொருகினால் லைட் எரியத்தானே செய்யும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஆன்டெனா ஒயர் போய்ச் சொருகியிருந்த ஓட்டைக்கு மேல் 'எல்என்பி இன்' என்று போட்டிருந்தது. அது டிஷ்ஷிலிருந்து வரும் ஒயருக்கான இடம். மீன்முள் ஆன்டெனாவை அதில் சொருகுவதும் துணி காயப்போடும் கொடிக்கம்பியைச் சொருகுவதும் ஒன்றுதான். பக்கத்தில் யூஎஸ்பி ஓட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை, பெட்டியின் நிறத்திலேயே இருந்ததால் சட்டென்று கண்ணில் படாது. அது வைஃபை டாங்கிள், பெட்டியை நெட்டோடு சேர்க்கிற கருவி. மெனுவில் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் ஏற்கெனவே சேர்த்து வைத்த ஒரே ஒரு வைஃபை பெயர் இருந்தது, யாரோ ஒருவருடைய மொபைல் மாடலின் பெயர்.

சரி, விஷயம் இதுதான். சேனல் வந்தது ஆன்டெனாவிலிருந்து இல்லை. அவன் சட்டைப்பையில் இருந்த போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து, பெட்டிக்குள் ஏற்றி வைத்த ஏதோ திருட்டு லிங்க் வழியாக வந்திருக்கிறது. ஆள் போனதும் நெட்டும் அவனோடு போய்விட்டது.

இதில் ஏமாறுகிறவர்கள் ஆன்டெனாவைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை, நன்றாகத் தெரிந்தவர்கள்தான். எங்கள் அப்பா எண்பதுகளில் உயரமான கம்பம் நட்டு, தென்கிழக்கே திருப்பி, இலங்கை ரூபவாஹினி பார்த்த ஆள். பிறகு கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் அதே கம்பத்தை மேற்கே திருப்பியவர். மாடியில் கம்பி நட்டால் படம் வரும் என்பது அவருக்குக் கண்ணால் பார்த்த உண்மை. அது போன கதை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டவரிலிருந்து நேராக வீட்டு ஆன்டெனாவுக்கு வந்த தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற முக்கியமான சில இடங்களைத் தவிர்த்து, 2022 மார்ச்சுக்குள் மூடிவிட, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி முடிவெடுத்தது. டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொடைக்கானல் பக்கம் எவ்வளவு உயரத்தில் திருப்பி வைத்தாலும் எங்கள் வீட்டு டிவியில் புள்ளிதான் தெரிகிறது. இல்லாத சிக்னலைப் பூஸ்டர் எங்கிருந்து பெருக்கும்? இரைச்சலைத்தான் பெருக்கும்.

"உங்க டிவியில டிஜிட்டல் டியூனர் இருக்கு ஐயா" என்றும் அவன் சொல்லியிருக்கிறான். அது உண்மையாகவே இருக்கலாம், நிறைய டிவிகளில் டிவிபி-டி2 என்று போட்டிருக்கும். ஆனால் அந்த டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் ஆரம்பித்தபோது தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான் இருந்தது. அங்கேயும் தூர்தர்ஷன் சேனல்கள்தான். நம் நாட்டில் தனியார் சேனல்களுக்குத் தரைவழி ஒளிபரப்பு அனுமதியே கிடையாது. அதனால் சன், விஜய் எல்லாம் ஆன்டெனாவில் வரும் என்று எவன் சொன்னாலும், அந்த ஒரு வரியிலேயே அவனை வாசலோடு அனுப்பிவிடலாம்.

ஆன்லைனில் விற்கிற தட்டையான ஜன்னல் ஆன்டெனாவும் இதே ரகம். 200 மைல் வரை இழுக்கும், 4கே என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் பெரிய சேனல்களே டவரிலிருந்து இலவசமாக ஒளிபரப்பாவதால், கேபிளை வெட்டியவர்கள் அங்கே ஆன்டெனா வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மதுரை ஜன்னலில் ஒட்டினால் ஜன்னல்தான் மறையும்.

மாத வாடகை இல்லாமல் டிவி வேண்டும் என்றால் இங்கே இருக்கிற வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. இதற்கு ஆன்டெனா கிடையாது, டிஷ்தான். 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்து வைக்க வேண்டும். மதுரையிலிருந்து அது தென்கிழக்கே, ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் வருவதால் அந்தத் திசையில் மேலே தென்னை ஓலையோ மாடிச் சுவரோ மறைக்காமல் இருந்தால் போதும். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லாச் சேனலும் வராது. சந்தா கிடையாது, அதனால் 'வருஷ ரீசார்ஜ்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பொதிகை என்று இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் அதில் வரும். தனியார் சேனல்களில் ஏலத்தில் இடம் எடுத்தவைதான் வரும், இந்தி நிறைய. அம்மாவின் சீரியலுக்கு அது உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், கேபிளையே திரும்ப வாங்கி, பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, கட்டணச் சேனல்களை ஒவ்வொன்றாகத் தனி விலையில் எடுக்கலாம். ஆபரேட்டர் முகத்தைச் சுளிப்பார், "எல்லாரும் பேக்தான் எடுக்குறாங்க" என்பார். விடாமல் கேளுங்கள். அம்மாவுக்கு வேண்டிய சேனல்களை மட்டும் எடுத்ததில் பில் முன்பை விடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது. இதை முதலிலேயே யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால் கம்பிக்காரனுக்கு வேலையே இருந்திருக்காது.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினோம். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். பில் இல்லை, ஒரு விசிட்டிங் கார்டு மட்டும்தான், அதில் கடைப் பெயரும் போன் நம்பரும் உண்டு, முகவரி இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு யார், எங்கே இருக்கிறார் என்று எழுத வேண்டுமே. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். அதே கார்டு வேறு யாரிடமாவது இருந்தால் நீங்களும் உங்கள் ஊர் ஸ்டேஷனில் மனு கொடுங்கள்.

உங்கள் தெருவுக்கு வந்தால் அடையாளம் காண்பது லேசு. சேனல் ஓடிக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து வரும் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவிவிடுங்கள். படம் நிற்காமல் ஓடினால் அவனுடைய போனை வாங்கி ஹாட்ஸ்பாட்டைப் பாருங்கள்.