பாலைமணலில் ஆறு பருவங்கள்: என்ஜினும் கியர்பாக்ஸும் சூடேறாமல் காத்த அனுபவம்

நான் ஷார்ஜாவில் வசிக்கிறேன். 2019 அக்டோபரில், 74,000 கி.மீ. ஓடியிருந்த 2012ஆம் ஆண்டு வண்டி ஒன்றை வாங்கினேன். 4 லிட்டர் பெட்ரோல் என்ஜின், டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், மெதுவாக, ஆனால் கூடுதல் இழுவிசையோடு ஓட்ட உதவும் லோ ரேஞ்ச் வசதியுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவை கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டி அது. நான் சொல்லப்போவது இந்த அமைப்புள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதால் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. மலீஹா, அல் ஃபாயா பகுதி மணலில் மாதம் இருமுறையாவது ஓட்டுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, அபுதாபியின் தெற்கே உள்ள பாலைப் பகுதியான லிவாவுக்குச் சென்று வருகிறேன். இப்போது வண்டி 1,68,000 கி.மீ. கடந்திருக்கிறது. என்ஜினோ கியர்பாக்ஸோ இதுவரை பிரிக்கப்படவில்லை.

அக்டோபரில் தொடங்கிய முதல் மணலோட்டப் பருவத்தின் இறுதியில், ஏப்ரல் மாத நண்பகல் ஒன்றில், நீண்ட மணல் சரிவில் மூன்றாவது முறையாக ஏற முயன்றபோது கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூட்டு விளக்கு எரிந்தது. என்ஜின் வெப்பமுள் அப்போதும் சரியாக நடுவில்தான் நின்றது. பதறி, சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கப் போனேன். எங்களோடு வந்திருந்த, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மணலில் ஓட்டிவரும் நாகர்கோவில்காரர் ஒருவர் கையசைத்துத் தடுத்தார். "தம்பி, அணைச்சிராதீங்க. வண்டி முகத்தைக் காத்துப் பக்கமா திருப்பி நிறுத்துங்க, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு ஓட விடுங்க" என்றார். என்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் பம்ப் சுழன்று எண்ணெயைக் குளிர்விப்பானுக்கு அனுப்பும். அணைத்துவிட்டால் கொதிக்கும் எண்ணெய் இருந்த இடத்திலேயே தேங்கிவிடும் என்று பிறகு விளக்கினார். ஏறக்குறைய பத்து நிமிடங்களில் விளக்கு அணைந்தது. அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம், அந்த முள் ஏன் அசையவில்லை என்ற கேள்வியே என் மனத்தில் இருந்தது.

அதற்கான விடை ஓ.பி.டி. கருவி வாங்கிய பிறகே கிடைத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சொருகியில் செருகிக் கைபேசியில் எண்களைக் காட்டும் இச்சிறு கருவியே, இந்த ஆறு ஆண்டுகளில் நான் வண்டிக்காக வாங்கியவற்றில் மிகவும் பயனுள்ளது. டேஷ்போர்டில் உள்ள முள், ஓட்டுநர் சிறு ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் கலங்கக் கூடாது என்பதற்காகவே, ஒரு பரந்த வெப்ப எல்லை முழுவதிலும் நடுவில் அசையாமல் நிற்குமாறு அமைக்கப்பட்டது. என் வண்டியில் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 84 டிகிரியில் இருந்தாலும் 104 டிகிரியில் இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அது நகரத் தொடங்கும்போது நம் கையில் எஞ்சியிருக்கும் நேரம் மிகக் குறைவு. கியர்பாக்ஸுக்கோ முள்ளே இல்லை. எல்லை கடந்த பிறகு எரியும் விளக்கு மட்டுமே உண்டு. எண்ணைக் கண்ணால் பார்க்கத் தொடங்கியதும், எந்தச் செயல் சூட்டைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பதை நானே அளந்து அறிய முடிந்தது.

மணலில் என்ஜினைவிட கியர்பாக்ஸ் முந்திச் சூடேறுவதற்குக் காரணம் டார்க் கன்வெர்ட்டர்தான். அதன் ஒரு பாதி என்ஜினோடும் மறுபாதி கியர்களோடும் சேர்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எண்ணெய் மட்டுமே. நெடுஞ்சாலையில் உள்ளிருக்கும் லாக்-அப் கிளட்ச் இரு பாதிகளையும் இணைத்துவிடுவதால் நழுவலும் இல்லை, அதனால் வரும் வெப்பமும் இல்லை. மென்மணலில் வண்டி மெல்ல ஊர, நாம் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருக்கும்போது ஒரு பாதி வேகமாகவும் மறுபாதி மெதுவாகவும் சுழல்கின்றன. இந்த வேறுபாடு முழுவதும் எண்ணெயைக் கடையும் வெப்பமாக மாறுகிறது. சக்கரம் மணலில் இறுகி நின்றுவிட, என்ஜின் மட்டும் முக்கும் அந்தச் சில நொடிகளில், அதன் ஆற்றல் அனைத்தும் எண்ணெயில்தான் போய்ச் சேர்கிறது. நெடுஞ்சாலையில் என் கியர்பாக்ஸ் எண்ணெய் 85 முதல் 92 டிகிரி வரை இருக்கும். விளக்கு எரிந்த அந்தச் சரிவுக்கு மறுவாரம் மீண்டும் சென்று, விளக்கு எரியும் முன்பே நிறுத்திப் பார்த்தபோது எண் 126ஐத் தொட்டிருந்தது.

இதற்கு முதல் மருந்து உதிரிப்பாகக் கடையில் இல்லை. டயரின் காற்றில்தான் இருக்கிறது. தார்ச்சாலையில் நான் 35 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். ஆரம்ப நாள்களில், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்ற அச்சத்தில், மணலிலும் 20க்குக் கீழே இறக்காமல் ஓட்டினேன். பின்னர் 14க்கு இறக்கினேன். அல் ஃபாயாவை ஒட்டிய, ஏறக்குறைய இரண்டு கி.மீ. நீளமுள்ள ஒரே மென்மணல் தடத்தை, ஒரே காலையில் இரு அழுத்தங்களிலும் ஓட்டிப் பார்த்தபோது, குறைந்த அழுத்தத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் 11 டிகிரி குறைவாகக் காட்டியது. இது ஆய்வுக்கூடச் சோதனை அன்று. ஆயினும் காரணம் தெளிவானது. காற்று குறைந்த டயர் நீளமாகப் படிந்து மணலின் மேலே மிதக்கிறது. காற்று நிறைந்த டயரோ தனக்கு முன்னால் ஒரு சிறு மணல்மேட்டை எப்போதும் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த மேட்டைத் தள்ளும் உழைப்புதான் வெப்பமாகிறது. குறைந்த காற்றில் கூர்மையாகத் திரும்பக் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். ஆகவே நல்ல கம்பிரசர் ஒன்று வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக லோ ரேஞ்ச். சிக்கிய பிறகு வெளியேறுவதற்கான கடைசி ஆயுதமாகத்தான் பலர் இதைக் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில், மெதுவாக ஓட்ட வேண்டிய மென்மணலிலும் வாதிகள் எனப்படும் கற்பாங்கான வறண்ட ஆற்றுப்படுகைகளிலும் தொடக்கத்திலேயே லோ ரேஞ்சுக்கு மாறிவிடுவது கியர்பாக்ஸுக்குப் பெரிய ஓய்வு. கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்குவிசையை ஏறத்தாழ 2.5 மடங்காக்கித் தருவதால், கன்வெர்ட்டர் மீது விழும் சுமை குறைகிறது, நழுவலும் குறைகிறது. அதோடு கியரை நாமே தேர்ந்து பிடித்துக்கொள்வதும் உதவுகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே கியர் தானாக அலைபாயும்போதெல்லாம் எண் ஏறுவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இனி காற்றோட்டம். இதில்தான் நான் அதிகக் காலமும் பணமும் செலவிட்டேன். மணலில் வேகம் குறைவு என்பதால் முன்புறமிருந்து தானாக வீசும் காற்று கிடைப்பதில்லை. ஃபேன் இழுப்பது மட்டுமே காற்று. அந்தக் காற்றும் முதலில் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரைக் கடந்து, அங்கேயே சூடாகி, அதன் பிறகுதான் ரேடியேட்டரை அடைகிறது. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள விரற்கடை இடைவெளியில் மணலும் காய்ந்த புல்லும் பூச்சிகளும் சேர்ந்து ஒரு திரைபோல அடைத்துக்கொள்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியாது. 2021இல் கூலண்ட் வெப்பம் காரணமின்றி ஏழெட்டு டிகிரி கூடியபோது, பணிமனை ஒன்றில் உயர் அழுத்த நீரால் கழுவித் தந்தார்கள். அழுக்கு போயிற்று, ஆனால் மெல்லிய அலுமினிய இதழ்கள் ஒரு கையகல இடத்தில் மடங்கிப் படுத்துவிட்டன. அவற்றை இதழ் நிமிர்த்தும் சீப்பால் ஒவ்வொன்றாக நேராக்க எனக்கு இரண்டு வாரக் கடைசி நாள்கள் ஆயின. இப்போது பருவத்துக்கு இருமுறை, மேல்தட்டைக் கழற்றி, சாதாரணக் குழாய் நீரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் செலுத்தி நானே கழுவுகிறேன். அழுக்கு வந்த வழியாகவே வெளியேற வேண்டும்.

ரேடியேட்டரின் ஓரங்களில் உள்ள நுரைப்பட்டைகளையும் கவனிக்கச் சொல்வேன். இவை காய்ந்து உதிர்ந்தால், என்ஜின் அறையின் சூடான காற்று அந்த இடுக்குகள் வழியாக முன்னுக்கு வந்து மீண்டும் ரேடியேட்டருக்குள்ளேயே நுழைகிறது. நான் புதிய பட்டைகளை ஒட்டிய செலவு மிகச் சொற்பம். ஆனால் நின்ற நிலையில் ஓடும்போது மூன்று டிகிரி குறைந்தது. அலங்கார விளக்குகளையும் கூடுதல் பலகைகளையும் கிரில்லுக்கு முன்னால் பொருத்துவதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன்.

ஃபேனைப் பொறுத்தவரை, என் வண்டியில் இருப்பது சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய விஸ்கஸ் கிளட்ச். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால், முன்னால் உள்ள இரட்டை உலோகச் சுருள் விரிந்து எண்ணெயை உள்ளே விடும். ஃபேன் இறுகிச் சுழலும். நலமாக இருக்கும் கிளட்ச், சூட்டில் லாரி போல உறுமும். 2022 கோடையில் அந்த உறுமல் கேட்காமல் போனதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். புதிய கிளட்ச் போட்ட அன்றே, நின்ற நிலையில் 108 வரை சென்றுகொண்டிருந்த கூலண்ட் 97க்கு இறங்கியது.

பனியே இல்லாத நாட்டில் கூலண்ட் எதற்கு, வெறும் நீரே போதுமே என்று கேட்பவர்களை இங்கும் பார்க்கிறேன். வெறும் நீர் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் கூலண்ட் கலவைக்குக் கொதிநிலை கூடுதல். அதைவிட முக்கியமாக, துருவையும் உப்புப் படிவையும் தடுத்து வாட்டர் பம்பைக் காக்கிறது. நான் வாலைவடிநீரில் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வெவ்வேறு வகைக் கூலண்ட்களை ஒன்றாகக் கலப்பதில்லை. ரேடியேட்டர் மூடியும் ஒரு பாகம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை உயர்த்துவது அதுவே. அதன் ரப்பர் தேய்ந்தால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் கொதிக்கும்.

கியர்பாக்ஸுக்கான தனிக் குளிர்விப்பானை 2021 இறுதியில் பொருத்தினேன். தொழிற்சாலை அமைப்பில், கியர்பாக்ஸ் எண்ணெய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் உள்ள குழாயில் மட்டுமே குளிர்கிறது; ஆகவே கூலண்டே 100 டிகிரியில் இருந்தால் எண்ணெய் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அடுக்குத் தகடு வகைக் குளிர்விப்பானை, ரேடியேட்டரைக் கடந்து எண்ணெய் வெளிவரும் வழியில் இணைத்து, கிரில்லின் கீழ்மூலையில் வைத்தோம். அதே சரிவில், அதே மாதத்தில், 126 என்றிருந்தது 107க்கு மேல் போகவில்லை. குறையையும் சொல்ல வேண்டும்: அது மறைக்கும் காற்றால் கூலண்ட் இரண்டு டிகிரி ஏறியது. ரேடியேட்டர் அடைபட்டிருக்கும்போது இதைப் பொருத்தினால் ஒரு நோய்க்கு மருந்து தந்து மற்றொன்றை வரவழைத்ததாகிவிடும்.

கியர்பாக்ஸ் எண்ணெயை 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சொல்லப்படும் எண்ணெய்கள்கூட இந்த உழைப்பைக் கருதிச் சொல்லப்பட்டவை அல்ல என்பது என் கருத்து. இதில் வெயில் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அளவுகோல் இல்லாத கியர்பாக்ஸ்களில், எண்ணெய் ஏறத்தாழ 40 டிகிரியில் இருக்கும்போது வழிவுத் துளையைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். ஜூலை மாதப் பணிமனையில் காற்றே அதற்கு மேல் சூடாக இருக்கிறது. விரிந்த எண்ணெய் கூடுதலாக வழிந்து, உள்ளே தேவையைவிடக் குறைவாகவே எஞ்சும். அதனால் நான் ஜனவரியில், அதிகாலை முதல் வண்டியாகப் போய் நிற்கிறேன்.

ஓட்டும் முறையில் நான் மாற்றிக்கொண்டவை சில உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை விதித்திருக்கும் நாடு இது. மனிதருக்கு ஆகாத வெயில் வண்டிக்கும் ஆகாது. கோடையில் விடியலில் இறங்கி எட்டு மணிக்குள் வெளியேறிவிடுகிறேன். பின்னாலிருந்து காற்று வீசும் நாளில், மெதுவாக ஏறும்போது, வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் செல்வதால் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைப்பதில்லை. அத்தகைய ஏற்றங்களைச் சுற்றிச் செல்கிறேன். கூலண்ட் 105ஐத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்திவிடுகிறேன், 110ஐ நெருங்கினால் கண்ணாடிகளைத் திறந்து ஹீட்டரை முழுவதுமாக வைக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரும் துன்பம்தான். ஆனால் ஹீட்டர் என்பது ஒரு சிறிய இரண்டாவது ரேடியேட்டர். நீராவி வெளியேறினாலோ கூலண்ட் ஒழுகினாலோ மட்டும் இந்த முறைகள் பொருந்தா. உடனே என்ஜினை அணைக்க வேண்டும், மூடியைத் தொடவே கூடாது.

சிக்கிக்கொண்டால், முன்னும் பின்னுமாக கியரை மாற்றி மாற்றி ஆட்டுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். இரண்டு முயற்சிகளில் வரவில்லையென்றால் இறங்கி, மண்வாரியால் சக்கரங்களுக்கு முன்னால் வெட்டி, காற்றை 10க்கு இறக்கி, மணல் பலகைகளை வைக்கிறேன். கால் மணி நேரம் வெட்டுவது, கியர்பாக்ஸுக்கு ஓய்வு கிடைக்கும் கால் மணி நேரமும்கூட. அடித்தட்டுக் கவசத்தையும் பயணத்துக்குப் பின் கழற்றிக் கொட்டுகிறேன். கியர்பாக்ஸுக்கு அடியில் குவியும் மணல் போர்வைபோல் சூட்டைப் பிடித்து வைக்கிறது. துளைகள் இல்லாத கவசங்களை வாங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

கடந்த பிப்ரவரியில் லிவாவில் மூன்று நாள்கள் ஓட்டியபோது, கியர்பாக்ஸ் எண்ணெயின் உச்ச அளவு 103, கூலண்டின் உச்ச அளவு 99. இப்போது என் கவலை ரேடியேட்டரின் வயதுதான். பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறியிருக்கிறது; அதன் உள்ளிருக்கும் எண்ணெய்க் குழாய் அரித்துத் துளை விழுந்தால் கூலண்டும் கியர்பாக்ஸ் எண்ணெயும் கலந்து, பால் கலந்த இளஞ்சிவப்புக் குழம்பாகிவிடும்; கியர்பாக்ஸின் கிளட்ச்கள் அதைத் தாங்கா. கசிவு தெரியும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. அடுத்த பருவத்தின் முதல் பயணத்துக்கு முன்பே ரேடியேட்டரையும் மேல், கீழ் ரப்பர் குழாய்களையும் மூடியையும் ஒருசேர மாற்றப் போகிறேன்.