கோயில் ஆபீஸ் திரைக்கு எந்த பிரவுசர்?

சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் இடி இறங்கினால் கரண்ட் டிரிப் ஆகும். கோயில் ஆபீஸ் வாசலில் பூசை நேரம், அர்ச்சனை டிக்கெட் விலை காட்ட ஒரு பழைய பிசியில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, குரோமியம் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். முதல் மழையிலேயே கரண்ட் போய் வந்ததும், மூலையில் 'பக்கங்களை மீட்கவா?' என்று ஒரு பெட்டி. "தம்பி, சாமி படத்து மேல என்ன இங்கிலீஷ்ல கேக்குது?" என்றார் தலைவர். தப்பு என்னுடையதுதான்.

குரோமியத்தைத் தொடங்கும் கட்டளையோடு இரண்டு கோடு போட்டு 'கியோஸ்க்' (--kiosk) சேர்த்தால் முழுத்திரை. எதையும் நினைவில் வைக்காத 'இன்காக்னிட்டோ'வும் சேர்த்திருந்தால் அந்தப் பெட்டி வந்திருக்காது. ஆனால் லாகின் நிற்காது. அறிவிப்புப் பலகைக்கு அது தேவையில்லை, சரி. ஃபயர்ஃபாக்ஸிலும் இதே கியோஸ்க் வசதி 2019 டிசம்பரில், 71ஆம் பதிப்பில் வந்தது. கரண்ட் போய் வந்தால் பழைய டேப்களை மீட்கப் பார்க்கும். அமைப்பில் போய் அதை அணைக்க வேண்டும். சர்ஃப் என்ற சின்ன பிரவுசர் லேசானது, கியோஸ்க் முறையில் விசைப்பலகையையும் பூட்டிவிடும். ஆனால் கனமான பக்கங்களுக்கு நான் அதை நம்பமாட்டேன்.

உண்மையில் பிரவுசரை விட, அதற்கு அடியில் என்ன ஓடுகிறது என்பதுதான் முக்கியம். திரையில் வரையும் எக்ஸ், ஜன்னல்களை நிர்வகிக்கும் ஓப்பன்பாக்ஸ் ஜோடியில் ஆல்ட்-எஃப்4 தட்டினால் பிரவுசர் மூடிக்கொள்ளும், கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 தட்டினால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். இரண்டையும் நாமே தேடித் தேடி அடைக்கணும். மவுஸ் அம்பை மறைக்க அன்கிளட்டர் என்ற சின்ன நிரல் வேறு. எக்ஸுக்குப் புது மாற்றான வேலண்டில் ஓடும் கேஜ் என்ற நிரல் ஒரே ஒரு செயலியை மட்டும் திரை முழுக்கக் காட்டும். நாம் கேட்டால் ஒழிய கறுப்புத் திரைக்கு வழி விடாது. பிரவுசர் விழுந்தால் கேஜும் சேர்ந்து விழும். லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியில் 'ரீஸ்டார்ட் ஆல்வேஸ்' எழுதியிருந்தால் இரண்டும் எழுந்து நிற்கும். என் ஓட்டு கேஜுக்கும் குரோமியத்துக்கும்தான்.

பராமரிக்க ஆளே இல்லாத இடமென்றால், பிரவுசர் மட்டும் ஓடும் போர்டியஸ் கியோஸ்க் என்ற லினக்ஸ். முதல் தடவை சில கேள்விகள் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். யார் எதைக் குடைந்தாலும் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும். எனக்கு அடிக்கடி உள்ளே கைவைக்கும் பழக்கம், அதனால் ஒத்துவரவில்லை.

எதை எடுத்தாலும், பயாஸில் (பிசியின் அடிப்படை அமைப்பில்) கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். வெறும் டெபியனில் 'அர்ச்சனை' கட்டம் கட்டமாகத் தெரியும்; லோஹித் தமிழ் எழுத்துரு போட்டதும் சரியானது. கேஜில் மவுஸைப் பிடுங்கினால் அம்பும் போய்விடும். மவுஸ் இப்போது தலைவர் டிராயரில், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில்.