வேம்பு பூசிய யூரியா: தீவனப்புல்லுக்குப் போட்டுப் பார்த்ததில்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப்புல், நாலு கறவை. மேலுரத்துக்கு வேம்பு பூசிய யூரியாதான். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு; தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம். இந்த விலைக்கு இவ்வளவு சத்து வேறு எதிலும் கிடைக்காது.

மூட்டையைப் பிரித்ததும் வேப்பெண்ணெய் வாடை வரும். குருணை லேசான மஞ்சள், கையில் பிசுபிசுக்கும். முன்பெல்லாம் மாமனார் யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு, வேப்பம்புண்ணாக்கு ஒன்று என்று கலந்து, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் தூவுவார். அந்த வேலை இப்போது பெருமளவு மிச்சம்.

ஆனால் வேம்பு பூசியதால் எல்லாம் சரியாகிவிடாது. மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத்தான் அது குறைக்கிறது; அமோனியாவாகக் காற்றில் போவதைத் தடுப்பதில்லை. காய்ந்த மண்ணில் வெயிலில் தூவிவிட்டு, தண்ணீர் முறை வர நாலு நாள் காத்திருந்த காலத்தில் புல் வெளிறியே கிடந்தது. இப்போது சாயங்காலம் தூவி, அன்றைக்கே தண்ணீர் கட்டிவிடுகிறேன். அடுத்த அறுப்பிலேயே இலை கரும்பச்சையாக வந்தது.

அளவு: வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து. எங்கள் அரை ஏக்கருக்கு யூரியா 33 கிலோ, அதாவது முக்கால் மூட்டை. அதை இரண்டாகப் பிரித்து, அறுத்த மூன்றாம் நாள் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. அறுப்பு 45 நாளில்.

அந்த 45 நாள் வரை காத்திராததுதான் நான் செய்த பெரிய தப்பு. போன ஐப்பசியில் மூடாப்பு, தீவனத் தட்டுப்பாடு. உரம் போட்ட எட்டாம் நாளே இளம்புல்லை அறுத்துப் போட்டேன். மத்தியானம் செவலை மாடு மூச்சு வாங்கி நின்றது, ஈறு பழுப்பேறிவிட்டது. டாக்டர் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. உரம் போட்ட இளம்புல்லில் தேங்கியிருந்த நைட்ரேட்டால் வந்த விஷம் என்றார். நரம்பில் மெத்திலீன் ப்ளூ என்ற மாற்று மருந்தை ஏற்றிய பிறகுதான் எழுந்தது. அன்றைக்கு நான் பட்ட பாட்டை இன்னொருத்தர் படக்கூடாது. உரம் போட்டால் குறைந்தது நாலு வாரம் அந்தப் பாத்தியைத் தொடாதீர்கள்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதார் கொடுத்து, மெஷினில் கைரேகை வைத்து வாங்குகிறோம். அப்படியும் ஒரு கடையில் நுண்ணூட்டப் பாட்டில் எடுத்தால்தான் யூரியா என்றார்கள். மறுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். நீங்களும் மறுக்கலாம்.

இந்தத் தடவை மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச்செடி ஊன்றியிருக்கிறேன். அது காற்றிலிருந்தே தழைச்சத்து எடுத்துக்கொள்ளும், மாட்டுக்குப் புரதமும் ஆச்சு.

மூட்டையை மட்டும் கட்டுத்தரையில் வைக்காதீர்கள். உப்பென்று மாடு நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.