யூடியூப் கிட்ஸா, கண்காணிப்புக் கணக்கா, ரெஸ்ட்ரிக்டட் மோடா?

போன் கைக்கு வந்ததும் பிள்ளைகள் தேடுவது யூடியூபைத்தான். அதற்குக் கடிவாளம் போட கூகுளே மூன்று வழி தருகிறது. மூன்றும் ஒன்று போலத் தெரியும், ஆனால் இல்லை.

ரெஸ்ட்ரிக்டட் மோடை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். செட்டிங்ஸில் ஒரு தட்டுத் தட்டினால் பெரியவர்களுக்கான வீடியோக்கள் பெருமளவு மறையும், கமெண்டுகளும் மறையும். ஆனால் தட்டிய கருவியில் மட்டும். போனில் போட்டுவிட்டு டிவியை மறந்தால் போச்சு. சாதாரணக் கணக்கில் பிள்ளையே அதை அணைத்தும் விடலாம்.

யூடியூப் கிட்ஸ் தனி ஆப். 2015இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் வந்தது. 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று பிரித்துக் காட்டும். நேரம் குறித்து வைத்தால், முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இதில் வீடியோக்களை வடிகட்டுவது பெரும்பாலும் இயந்திரம். பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து எடுத்த வன்முறை வீடியோக்கள் இதற்குள்ளும் நுழைந்து, 2017இல் பெரிய சர்ச்சை ஆனது. ஆகவே வயதுப் பிரிவை நம்பி விட்டுவிடாமல், பெற்றோர் அனுமதித்தவை மட்டும் வரும்படி வையுங்கள். நீங்கள் பொறுக்கிய சேனல்களைத் தவிர வேறெதுவும் வராது, தேடலும் இருக்காது. பொறுக்க ஒரு மாலை நேரம் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: பெற்றோர் செட்டிங்ஸைத் திறக்க அந்த ஆப் ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது எம்மாத்திரம்? சொந்தமாக ஒரு கடவு எண் வைத்துவிடுங்கள்.

ஒன்பது, பத்து வயதானால் கிட்ஸ் ஆப் 'பாப்பா சமாச்சாரம்' ஆகிவிடும். அப்போதுதான் 2021இல் வந்த கண்காணிப்புக் கணக்கு. பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுள் ஆப்பான ஃபேமிலி லிங்க் வழியாகப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, 9 வயதுக்கு மேல், 13க்கு மேல், யூடியூபின் பெரும்பகுதி என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் படியிலேயே தொடங்குங்கள். பிள்ளை கமெண்ட் போட முடியாது, வேண்டாத சேனலை நீங்கள் தடுக்கலாம். ஆனால் கிட்ஸில் செய்தது போல, பொறுக்கியவை மட்டும் என்று இங்கே வைக்க முடியாது.

சரி, பாட்டியின் போன்? அங்கே திறப்பது பாட்டியின் கணக்கு. பிள்ளையின் கணக்கில் போட்ட கட்டுப்பாடு செல்லாது. நான் ஒதுக்கிய ரெஸ்ட்ரிக்டட் மோடை அந்த ஒரு போனில் மட்டும் போட்டு வைக்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை.