சிஸ்பிளாட்டின் ஊசிமருந்து: ஒரு மதிப்பீடு

உலோகச் சேர்மங்களிலிருந்து வந்த புற்றுநோய் மருந்துகளுள் முதலில் நிலைபெற்றதும் இன்றளவும் அன்றாடப் பயன்பாட்டில் இருப்பதும் பிளாட்டினம் அணுவைக் கொண்ட சிஸ்பிளாட்டின்தான். வீரியத்துக்கு இதற்கு முழு மதிப்பெண் தரலாம். கையாளும் சிரமத்துக்காகப் பாதியைக் கழித்தே ஆக வேண்டும்.

1965-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்க்கப்போய், மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே அவற்றைப் பிரியவிடாமல் நூலிழைகளாக நீளச் செய்தது என்று கண்டார். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, பிற மருந்துகளோடு சேர்ந்து, உடலெங்கும் பரவிவிட்ட விதைப்பைப் புற்றுநோயைக்கூடப் பெரும்பாலோரிடம் குணப்படுத்தக்கூடியதாக்கியது. இந்த ஒன்றுக்காகவே இதன் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இரத்தத்தில் குளோரைடு மிகுந்திருப்பதால் மூலக்கூறு தன் இரண்டு குளோரைடுகளையும் பெரும்பாலும் இழக்காமல் செல்லை அடைகிறது. அங்கே குளோரைடு குறைவு என்பதால் அவை விலகி நீர் வந்து சேர, பிளாட்டினம் டி.என்.ஏ.வின் கட்டுமானக் கூறுகளான குவானின்களில் அடுத்தடுத்தவற்றைப் பற்றி இழையை வளைத்துவிடுகிறது. குளோரைடு முன்கூட்டியே விலகாமல் இருக்கத்தான் உப்பு நீரான சலைனில் இதைக் கலக்கிறார்கள். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மருந்து படிகமாகப் படிந்துவிடும், அலுமினியப் பாகமுள்ள ஊசி பட்டால் கறுத்த வீழ்படிவு உண்டாகும், வெளிச்சமும் ஆகாது. இவ்வளவு பிகு செய்யும் மருந்தை அனுபவமுள்ள செவிலியரிடம் ஒப்படைப்பதே நல்லது.

பெருங்குறை சிறுநீரகப் பாதிப்பு. மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றி, இரத்தத்தின் மக்னீசிய அளவைக் கவனித்து, சிறுநீர் தடையின்றிப் பிரிகிறதா என்று பார்த்தால் பாதிப்பைப் பெரிதும் குறைக்கலாம். வாந்தியும் முன்போல் ஆட்டிப்படைப்பதில்லை. ஒன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் வந்தபின் அது ஓரளவு அடங்கியிருக்கிறது. செவித்திறன் இழப்புதான் எளிதில் கவனத்திலிருந்து தப்புகிறது: கீச்சொலிகள் முதலில் மறையும், பெரும்பாலும் திரும்பி வாரா.

மாற்றாக வந்த இன்னொரு பிளாட்டின மருந்தான கார்போபிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் அவ்வளவாக வருத்துவதில்லை. ஆனால் எலும்பு மச்சையைத் தாக்குகிறது, விதைப்பைப் புற்றுநோயில் சிஸ்பிளாட்டினுக்கு ஈடாகவும் இல்லை. ருத்தேனியம் என்ற வேறோர் உலோகத்தின் சேர்மங்கள் சில மனிதரிடம் சோதிக்கப்பட்டாலும், பிளாட்டினத்தின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

உற்பத்தியாளர்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடியெழுத்து விளக்கத்தாள் மருத்துவருக்கானது. காதில் இரைச்சல் கேட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பதை நோயாளிக்குத் தமிழில் நான்கு வரிகளாக அச்சிட்டுத் தருவதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது.