வாக்குமூலமா, வீசியெறிந்த பதக்கமா?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1971-இல் அதே போரை எதிர்த்து இரண்டு விதமாகப் பேசிப் பார்த்தார்கள். இரண்டையும் நடத்தியது ஒரே அமைப்புதான்: போருக்கு எதிரான வியட்நாம் வீரர்கள்.

முதலாவது டெட்ராய்ட். ஜனவரி 31 முதல் மூன்று நாள், ஒரு விடுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து, தாங்கள் செய்ததையும் கண்டதையும் சொன்னார்கள். பேச வந்தவர் நிஜமாகவே ராணுவத்தில் இருந்தவர்தானா என்று பணிவிடுப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள். இவ்வளவு கவனமாக நடத்தியும் பெரிய பத்திரிகைகள் ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை. செனட்டர் மார்க் ஹாட்ஃபீல்டு அதை நாடாளுமன்றப் பதிவேட்டில் சேர்த்தது பிறகுதான்.

இரண்டாவது வாஷிங்டன், ஏப்ரல் 23. நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வேலி போட்டிருந்தார்கள். சரி, வேலிக்கு மேலேயே வீசிவிடலாம் என்று வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிப் பதக்கங்களை எறிந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். விளக்கம் தேவைப்படாத காட்சி. தொலைக்காட்சிக்கு அது போதுமாக இருந்தது.

ஊர் கவனத்தைத் திருப்பியது பதக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் போரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் டெட்ராய்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். பதக்கக் காட்சி கோபத்தைக் காட்டுகிறது, விவரத்தைத் தருவதில்லை. போதாக்குறைக்கு, அந்த வீரர்களில் ஒருவரான, பின்னாளில் அதிபர் தேர்தலில் நின்ற ஜான் கெர்ரி அன்று எறிந்தவை தன் பதக்கங்களா, பதக்கத்துக்குப் பதிலாகச் சீருடையில் குத்தும் வெறும் ரிப்பன்களா என்ற சர்ச்சை 2004 அதிபர் தேர்தல் வரை அவரைத் துரத்தியது.