பால் பைத்தான் பாம்பு வாங்குகிறவர்களே, பேப்பரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

சென்னையில் பால் பைத்தான் (ball python) என்கிற செல்லப் பாம்பை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரைக்கும் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

முதலில் சட்டம். நம்மூர்ப் பாம்பை வீட்டில் வளர்க்க முடியாது. மலைப்பாம்பு, மண்ணுளி, சாரை எதுவானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு இருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் வந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்திகளை எல்லோரும் பார்த்திருப்போம். அதனால் பேப்பர் இல்லாத பாம்பு பக்கமே போகக்கூடாது என்று தேடித்தான் இந்தக் கடைக்குப் போனேன். பேப்பர் எல்லாம் பக்கா. பாம்புதான் பக்கா இல்லை.

கடைக்குள் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் டப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, ஒன்றிலும் ஹீட் மேட் (அடியில் சூடு தரும் விரிப்பு) இல்லை. இந்தப் பாம்புக்கு டப்பின் ஒரு பக்கம் 32 டிகிரி வாக்கில் சூடும், மறுபக்கம் 26 டிகிரி வாக்கிலும் வேண்டும். குளிரில் கிடந்தால் அதன் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும், பாக்டீரியா நுரையீரலில் குடியேறிவிடும். ஆனால் குளிரில் கிடக்கும் பாம்பு, அதுவும் நோய்வாய்ப்பட்ட பாம்பு, அசையாமல் சொன்னபடி கேட்கும் இல்லையா? அதைத்தான் "ரொம்ப சாது பிரதர், குழந்தைகூடப் புடிக்கலாம்" என்று விற்கிறார்கள். டப்பிலிருந்து எடுக்கும்போது கடைக்காரர் கட்டைவிரலால் அதன் மூக்கை ஒரு துடைப்புத் துடைத்தார். "இப்பத்தான் தண்ணி குடிச்சுது" என்றார்.

வீட்டில் சரியான சூட்டில் வைத்த பிறகு, ராத்திரி ஃபேனை நிறுத்தினால் அதன் மூச்சுச் சத்தம் கேட்டது. சுண்டல் பொட்டலத்தை மெதுவாகக் கசக்குவது போல ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தலையைச் செங்குத்தாகத் தூக்கி வைத்திருக்கிறது, தொண்டை உப்பி உப்பி அடங்குகிறது, ஒரு மூக்குத் துளையில் குட்டிக் குமிழி வந்து உடைகிறது. அவர் துடைத்தது தண்ணீர் இல்லை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஷெட் வரப்போகுது பிரதர், அதான் சத்தம்" என்றார். இதில்தான் கெட்டிக்காரத்தனம், ஏனென்றால் இது பாதி உண்மை. சட்டை உரிக்கும் சமயத்தில் மூக்கில் பழைய தோல் அடைத்து விசில் மாதிரி சத்தம் வருவதுண்டு. ஆனால் அப்போது கண் பால் மாதிரி மங்கும், உரித்து முடித்ததும் சத்தம் நின்றுவிடும். குமிழியும் வாயில் கோழையும் ஷெட்டில் வராது. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. விக்ஸ் போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். அப்புறம் புறாவுக்குக் கொடுக்கிற பவுடர் ஒன்றைக் கொரியரில் அனுப்பினார். கடைசியில் "உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அதோடு போனை எடுப்பதில்லை.

தயவுசெய்து அந்த விக்ஸ் வேலையை யாரும் செய்யாதீர்கள். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதற்கு வழியில்லை. சளி உள்ளேயே தங்கி நிமோனியாவாகிவிடும். "தானா சரியாயிடும்" என்பது இதில் நடக்காது. நாய், பூனை மட்டும் பார்க்கிற டாக்டரிடம் போவதைவிட, ஊர்வன பார்த்துப் பழகியவரைத் தேடிப் பிடியுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த டாக்டர் பாம்பின் வாயை மெல்லத் திறந்து காட்டினார். மேலண்ணத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை கோழை நூல்நூலாக நின்றது. எக்ஸ்ரே எடுத்து, மூச்சுக் குழாயிலிருந்து சாம்பிள் எடுத்து கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார். சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா என்று வந்தது. செஃப்டாசிடைம் என்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி, மூன்று நாளுக்கு ஒன்று. குட்டி சிரிஞ்சுகளில் டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார், ஃப்ரீசரில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் பாம்பு மருந்தா என்று அம்மா போட்ட சண்டை தனிக்கதை. ஊசியோடு நெபுலைசரும் உண்டு. மருத்துவச் செலவு பாம்பின் விலையைத் தாண்டிவிட்டது.

இது வீட்டுக்கு வந்து ஆரம்பித்த நோய் இல்லை, பழைய தொற்று என்று டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்தார். புகாரில் எனக்கு இருக்கும் பெரிய பலமே அந்தத் தாள்தான். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே பாம்பு வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பைத்தான்களுக்கு நைடோ வைரஸ் என்று ஒன்று உண்டு, அதுவும் இதே அறிகுறிகளோடுதான் வரும், அதற்கு மருந்து இல்லை. புதிய பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், தனிக் கிண்ணம், தனி இடுக்கியோடு வையுங்கள். செதிலுக்கு அடியில் கறுப்பாக ஊரும் உண்ணியையும் பாருங்கள், அதுவும் நோயைச் சுமந்து போகும்.

கடையில் என்ன செய்யலாம்? ஏசியை, ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பாம்பைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். எலி தின்பதை நேரில் காட்டச் சொல்லுங்கள், வீடியோ வேண்டாம்.

வீடியோ ஏன் வேண்டாம் என்றால், எலி தின்கிறது என்று கடைக்காரர் எனக்கு அனுப்பிய வீடியோவில் இருந்தது என் பாம்பே இல்லை. பால் பைத்தானின் உடல் புள்ளிகள் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. வீடியோவில் இருப்பதற்குக் கழுத்தை ஒட்டி இரண்டு கண் வைத்த மாதிரி ஒரு திட்டு, என்னுடையதற்கு அந்த இடத்தில் வெறும் கறுப்புப் பட்டை. போன வாரம் அதே வீடியோவை வேறொரு பாம்புக்கு விளம்பரமாகப் போட்டிருக்கிறார். நீல டிரே, மூலையில் சிவப்பு பக்கெட், நடுவில் ஒரு சேவல் கூவும். அந்த வீடியோ உங்களுக்கு வந்தால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.